மறுகால் கோடு

ஊர்களை எப்படி அமைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்று தெற்குச் சீமையில் இருந்தது. அங்கே முதுகலை வகுப்பு எடுத்த ஆசிரியை ஹமீதாவைப் பற்றி மாணவர்களுக்கு ஒரே ஒரு குறைதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

அவரிடம் தங்கபுஷ்பம் என்ற மாணவி வந்து சேர்ந்தாள். அப்போதே அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆசிரியையைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பூவனேரி நகராட்சியில் வரைவாளர் வேலை. வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் வரைபடங்களைச் சரிபார்ப்பவள். ஒவ்வொரு வீடாகப் பார்த்துப் பார்த்து, மொத்த ஊரையும் ஒரே தாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. நுழைவுத் தேர்வு எழுதினாள், தேறினாள், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு நகர, வட்டாரத் திட்டமிடல் படிக்க வந்துவிட்டாள்.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, புது ஆசிரியை என்று நினைத்து மாணவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மாலையில் ஹமீதாவின் அறைக்குப் போனாள்.

“மேடம், இந்த வயசுல நான் இதைப் படிக்கலாமா?”

“உங்க ஊருக்கு என்ன வயசு, மேடம்?” என்றார் ஹமீதா. மூத்த மாணவியை அவரும் மேடம் என்றுதான் அழைத்தார்.

“தெரியலையே. ஆயிரம் வருஷம் இருக்கும்.”

“அதுக்கே இன்னும் திட்டம் போட்டுக்கிட்டு இருக்காங்க.”

தங்கபுஷ்பம் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கணினியில் வரைபடம் போடுவதைச் சின்னவர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நிலத்தில் இறங்கி அளப்பதை அவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பருவத் தேர்விலேயே அவள் பெயர் மேலே வந்தது. அவளுடைய கணவர் செல்வசிங், பஸ் டெப்போவில் மெக்கானிக். டீக்கடையில் யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

“எங்க வீட்ல எம்.பிளான் படிக்காவ.”

“அது என்ன படிப்பு அண்ணாச்சி?”

“பெரிய படிப்புவே. ஊரையே வரையுத படிப்பு.”

இரண்டாம் ஆண்டில் ஆய்வுக்குச் சொந்த ஊரையே எடுத்துக்கொண்டாள் தங்கபுஷ்பம். பூவனேரிக்கு முழுமைத் திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வளரக் கூடாது என்று முடிவு செய்யும் திட்டம். நகராட்சி ஆணையர் அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டு, முடித்ததும் பொதுமக்கள் கூட்டத்தில் வந்து விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெறும் மதிப்பெண்ணுக்காகத் தொடங்கியது, ஊர்க் காரியமாகிவிட்டது.

பூவனேரிக்கு மேற்கே ஒரு பெரிய குளம். அது நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையிலுள்ள கலுங்கு வழியாக வெளியேறி, தாழ்வான நிலத்தில் பரவி ஆற்றுக்குப் போகும். அதற்கு மறுகால் என்று பெயர். பல வருஷமாகக் குளம் நிறையவில்லை. மறுகால் ஓடிய நிலத்தில் மனை பிரித்து, பொதிகை நகர் என்று பலகையும் வைத்தாகிவிட்டது. புதுப் பேருந்து நிலையமும் அங்கேதான் வரப்போகிறது என்று பேச்சு.

அந்தப் பொதிகை நகரில் குளத்தை ஒட்டிய மூலை மனை தங்கபுஷ்பத்தினுடையது. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் இருந்தவர்கள். மனை வாங்கி, ஆழ்துளைக் கிணறும் போட்டாயிற்று. தை பிறந்ததும் அஸ்திவாரம். செல்வசிங் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அங்கே இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அவள் அந்த நிலம் முழுவதையும் மட்டம் பார்த்து அளந்தாள். விடுமுறை நாட்களில் செல்வசிங் வந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய மழைக் கணக்குகளைத் தேடி எடுத்தாள். பம்ப்செட் அறைச் சுவர்களில் எந்தக் காலத்து வெள்ளமோ விட்டுப்போன கறையின் உயரத்தைக் குறித்தாள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது இரண்டு கோடுகள் கிடைத்தன.

குளம் நிறைந்து வழியும் சாதாரண மழைக்குத் தண்ணீர் வந்து நிற்கும் இடம் முதல் கோடு. அது அவர்களுடைய எல்லைக் கல்லைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. எப்போதோ ஒரு முறை வரும் பெருமழைக்குத் தண்ணீர் எட்டும் இடம் இரண்டாவது கோடு. அது மூலை மனையை விழுங்கி, பொதிகை நகரில் பாதியையும் விழுங்கியது.

இரண்டில் எதைப் போட்டு, ‘இதற்குள் வீடு கட்டக் கூடாது’ என்று எழுதினாலும் ஆதாரம் காட்ட முடியும். முதல் கோட்டைப் போட்டால் தப்பென்று சொல்ல ஆள் இல்லை. அதுதான் அவளை வதைத்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹமீதாவிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். மனையைப் பற்றியும் சொன்னாள்.

“எந்தக் கோட்டைப் போடணும் மேடம்?”

ஹமீதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சர்வே எண்களை அணைத்தார். மனைப் பிரிவுகளை அணைத்தார். சாலைகள், தெருப் பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. மேடும் பள்ளமும் மட்டும் மிஞ்சின.

“இப்ப போடுங்க.”

தங்கபுஷ்பம் கலுங்கிலிருந்து தொடங்கினாள். கொஞ்ச தூரம் வந்ததும் கை நின்றுவிட்டது.

“எண்ணை அணைச்சாலும் எங்க மனை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது, மேடம்.”

ஹமீதா அணைத்ததையெல்லாம் திரும்பப் போட்டார். எண்கள் வந்தன. மனைகள் வந்தன.

“அப்ப தெரிஞ்சே போடுங்க” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்க எழுந்து போனார்.

தங்கபுஷ்பம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போவது கேட்டது. கடைசியில் மறுபடியும் கலுங்கிலிருந்து ஆரம்பித்தாள். தான் நட்ட எல்லைக் கல்லுக்கு மேலாகக் கோடு போனபோது கை மறுபடியும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். கொஞ்சம் பெருமையும் வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெருமை போய்விட்டது.

வரைபடத்தைக் கூடத்தில் விரித்து வைத்திருந்தபோது செல்வசிங் வந்தார். குனிந்து பார்த்தார்.

“இது நம்ம மனைல்லா?”

“ஆமா.”

“செவப்பா இருக்கு.”

“அங்க வீடு கட்டக் கூடாதுன்னு அர்த்தம்.”

அவர் பின்பக்கம் போய், சுத்தமாக இருந்த கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வந்தார்.

“தண்ணி வருமா?”

“வரும்.”

“எப்ப?”

“அது தெரியாது. அடுத்த வருஷமும் வரலாம். நம்ம பிள்ளைக்கு நரை விழுந்த பொறவும் வரலாம்.”

“தெரியாத ஒண்ணுக்கா கோடு போட்டே?”

“எப்பன்னுதான் தெரியாது. எங்கன்னு தெரியும்.”

அதற்குப் பிறகு அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பஸ் பொதிகை நகரில் நின்றாலும் அவர் இறங்குவதில்லை.

கூட்டத்தன்று நகராட்சி அரங்கு நிரம்பிவிட்டது. ஆணையர், கவுன்சிலர்கள், வியாபாரிகள். பாதிக்குமேல் பொதிகை நகர்க்காரர்கள். ஹமீதாவும் வந்திருந்தார். முன்னால் நாற்காலி போட்டும் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். டெப்போ காக்கி உடுப்போடு செல்வசிங் கதவோரம் நின்றார். அவர் வருவார் என்று தங்கபுஷ்பம் நினைத்திருக்கவில்லை.

அவள் நிதானமாகப் பேசினாள். மழை, மேடு, பள்ளம், சுவரில் இருந்த கறை எல்லாவற்றையும் காட்டினாள். பேருந்து நிலையத்தை ஊரின் கிழக்குப் பக்கம் மேட்டில் வைக்கலாம் என்றாள். சிவப்புக்குள் மனை உள்ளவர்களுக்கு நகராட்சி மாற்று மனை தர வேண்டும் என்றாள். கடைசியாக அந்தச் சிவப்புக் கோடு திரையில் பெரிதாக வந்தது. அரங்கில் சலசலப்பு எழுந்தது.

பொதிகை நகர்ச் சங்கத்தின் செயலாளர் இசக்கிப்பாண்டியன் எழுந்தான். செல்வசிங்கோடு பழகியவன். நல்ல மனிதன்தான்.

“மதினி, நீங்க பெரிய படிப்பு படிக்கிய. நாங்க ஒத்துக்கிடுதோம். ஆனா எங்க மனை மேல கோடு போட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“கோடு குளத்துல இருந்துல்லா வருது, தம்பி” என்றாள் அவள். “எங்க மனையைத் தாண்டித்தான் உங்க மனைக்கு வருது.”

கையை நீட்டி மூலை மனையைக் காட்டினாள். பலருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சலசலப்பு அடங்கியது.

இசக்கிப்பாண்டியன் கதவுப் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, இதுக்கு நீங்க சம்மதிச்சியளா?”

எல்லாத் தலையும் திரும்பியது. செல்வசிங் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்கிட்ட அவ சம்மதம் கேக்கலை.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இப்பவும் எனக்கு வயித்தெரிச்சல் தீரலை. ஆனா அவ கருவியை வச்சுக்கிட்டு வெயில்ல நின்னு அளந்தப்ப, எதுத்தாப்புல கோலைப் பிடிச்சது நாந்தான். நம்ம மனையில நின்னப்பயும் நாந்தான் பிடிச்சேன். மத்த எடத்துல எப்படி அளந்தாளோ, அப்படியேதான் அங்கயும் அளந்தா. ஒரு நூல்கூட கூட்டலை, குறைக்கலை. அதை மட்டும் நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.”

அவர் பேசத் தொடங்கியபோதே கடைசி வரிசையில் ஹமீதா எழுந்து நின்றுவிட்டார். செல்வசிங் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். தங்கபுஷ்பத்துக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி யாருடையது என்று கேட்டாள். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

அன்றே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் கோபமாக எழுந்து போனார்கள். இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். கவுன்சிலில் இழுபறி நடந்தது. ஆனால் திட்டம் வெளிவந்தபோது சிவப்புக் கோடு அவள் போட்ட இடத்திலேயே இருந்தது. பேருந்து நிலையம் மேட்டுக்குப் போயிற்று. மாற்று மனையாகத் தங்கபுஷ்பம் குடும்பத்துக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் காட்டினார்கள். கடைத்தெருவுக்கு வர வேண்டுமானால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். செல்வசிங் முனகினார். முனகிக்கொண்டே அங்கே முதலில் ஒரு வேப்பங்கன்றை வைத்தார்.

மழைதான் வரவில்லை. அடுத்த ஐப்பசியும் பொய்த்தது. குளத்தின் அடியில் விரிசல் தெரிந்தது. சிவப்புக் கோட்டுக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு நாள் சந்தையில் இசக்கிப்பாண்டியன் எதிரே வந்தான்.

“மதினி, படகு ஒண்ணு வாங்கிப் போடட்டா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அது உள்ளே போய்த் தைத்தது.

பட்டமளிப்பு விழா தள்ளித் தள்ளிப் போய் ஒரு வழியாக நடந்தது. அவள் பெயரைச் சொல்லி, முதலிடம் என்று சேர்த்துச் சொன்னார்கள். அரங்கில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் ஒருவருடைய கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாருடையது என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

விழா முடிந்ததும் கறுப்பு அங்கியோடு அவள் ஹமீதாவின் அறைக்குப் போனாள். ஹமீதா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவளுடைய தோளில் சரிந்திருந்த பட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்தார். தான் கட்டிய வீட்டைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு, மேடம்.”

“கேளுங்க.”

“இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ஊர்ல சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். நான் சரியாத்தான் போட்டேன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். ஊருக்கு எப்ப தெரியும்?”

ஹமீதா ஜன்னல் வழியே பார்த்தார். கீழே வேட்டி சட்டையில் செல்வசிங், கல்லூரிக் காவலாளிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கையை அகல விரித்து விரித்துக் காட்டினார்.

“வீடு மூழ்கினாத்தான் ஊருக்குத் தெரியும். அப்படித் தெரியவே வேண்டாம்னுதானே, மேடம், அந்தக் கோட்டைப் போட்டீங்க?” என்றார் ஹமீதா.