தாவீது பாத்த நூத்தி அறுபது

கோடியக்கரை பறவை முகாமுக்கு ஒரே ஒரு இடம்தான். முள்ளிக்குளத்துல யாரு அதிக வகைப் பறவை பாக்காங்களோ அவங்களுக்கே அதுன்னு விலங்கியல் சார் நம்பிராஜன் காலையில பஸ் ஏறும்போதே சொல்லிட்டாரு.

இசக்கியம்மா அதை நம்புனா. மே மாச வெயில்ல, முட்டளவு சேத்துல நின்னு, பின்கழுத்துத் தோலு உரிய உரிய நாப்பத்திமூணு வகை எழுதுனா. திரும்பி வர்ற பஸ்ல பின் சீட்டுல இருந்து தாவீது கையத் தூக்குதான். சட்டையில ஒரு கசங்கல் இல்ல. செருப்புல ஒரு பொட்டுச் சேறு இல்ல.

"எனக்கு நூத்தி அறுபது சார்!"

இசக்கிக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "ஏல, குளத்துப் பக்கம் உன் தலையே தெரியலயே!"

"எப்படித் தெரியும்? நான் கூழைக்கடாப் பறவையோட பை வாய்க்குள்ளல்லா இருந்தேன்."

மொத்த பஸ்ஸும் திரும்பிருச்சு. தாவீதுக்கு அது போதாதா?

"வெயிலு தாங்கல மக்கா. ஒரு கூழைக்கடா என்னைப் பரிதாபமா பாத்துச்சு, வாயைத் திறந்துச்சு. உள்ள போனா ஏசி போட்ட மாதிரி குளுகுளுன்னு இருக்கு. ஏற்கெனவே நாலு கெண்டை உக்காந்திருந்துச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னேன். மரியாதையா தள்ளிக்கிட்டுங்க."

"அப்புறம்?" முன் சீட்டுப் பயலுவ வாயப் பொளந்துட்டானுவ.

"அது என்னைத் தூக்கிக்கிட்டு குளத்தை மூணு சுத்து சுத்துச்சு. அப்பத்தான் ஒரு மஞ்சமூக்கு நாரை 'தாவீது, தாவீது'ன்னு கூப்பிட்டுச்சு."

இசக்கி எந்திரிச்சு நின்னுட்டா. "வளந்த நாரைக்குக் குரலே கெடையாதுல, மூதி! அலகைத்தான் தட்டும்."

"நான் மட்டும் என்ன சொல்லுதேன்? தட்டித்தான் கூப்பிட்டுச்சு. தந்தி அடிக்கிற மாதிரி. 'தா'வுக்கு ரெண்டு தட்டு, 'வீ'க்கு நீளமா ஒண்ணு."

கூட இருந்ததுவ கை தட்டுதுங்க. இசக்கிக்கு அதுவளையும் சேத்து அறையணும் போல இருந்துச்சு.

"எண்ண முடியலன்னு எல்லாத்தையும் ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்கச் சொன்னேன். நீர்க்காகம் இருக்கே, நடுவுல புகுந்துருச்சு. பின்னால போன்னு ஒரு அதட்டு போட்டேன். கடைசியா நின்னது வரித்தலை வாத்து."

"மே மாசத்துலயா? அது மார்ச்சுலயே வடக்க போயிருமே!"

"போச்சு. இமயமலைக்கு மேல பறக்கும்போது நான் வர்றது தெரிஞ்சிருக்கு. அப்படியே திரும்பி வந்துருச்சு. மூச்சு வாங்குச்சு பாவம். நான்தான் தண்ணி குடுத்தேன்."

"சார்!" இசக்கி முன்னால ஓடுனா. "அளந்து விடுதான் சார். நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

நம்பிராஜன் சார் மடியில பயண அறிக்கை எழுதிக்கிட்டு இருந்தாரு. நாள் முழுக்க அவரை யாரும் கரையில பாக்கல. கண்காணிப்புக் கோபுரத்துல இருப்பாருன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க. சார் கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு வாசிச்சாரு.

"பங்கேற்ற மாணவர்கள் முந்நூற்று எண்பது பேர்..."

"முப்பத்தெட்டு பேருதான சார் வந்தோம்?"

"குறுக்க பேசாதம்மா. கண்ட பறவைகள் ஒன்றரை லட்சம். நடப்பட்ட மரக்கன்றுகள் ஐயாயிரம். பேராசிரியர் நம்பிராஜன் தாமே நேரில் கண்ட வகைகள் நூற்று அறுபத்தொன்று." பேனாவ மூடுனாரு. "முகாமுக்கு 'கல்லூரியிலிருந்து ஒருவர்'னுதான் சுற்றறிக்கையில போட்டிருக்கு. மாணவர்னு இல்ல. அதனால நானே போறேன்."

முதல்ல வெடிச்சது தாவீதுதான். ஒரு நாள் பூரா சிரமப்பட்டுக் கட்டுன புளுகு, ஒத்தப் பறவையில போச்சே!

"இது அநியாயம் சார்! நீங்க பஸ்ஸ விட்டு எறங்கவே இல்லயே!"

"அது உனக்கு எப்படிப்பா தெரியும்?"

தாவீது நாக்கக் கடிச்சுக்கிட்டான். இசக்கி விடல. "சொல்லுல. சாருக்குத் தெரியணுமாம்லா?"

தாவீது சாரைப் பாத்தான். எப்படியும் இடம் தனக்கு இல்ல. இவருக்கு மட்டும் எதுக்குப் போகணும்?

"நானும் பின் சீட்டுலதான் படுத்துக் கெடந்தேன் சார். நீங்க விட்ட குறட்டையில பொட்டுத் தூக்கம் இல்ல."

சிரிப்புல பஸ்ஸு குலுங்குச்சு. சார் மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. நூத்தி அறுபத்தொண்ணக் கோடு போட்டு அடிச்சாரு. அறிக்கையில இசக்கியம்மான்னு எழுதி, பக்கத்துல நாப்பத்திமூணும் எழுதுனாரு. எழுதிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"கல்லூரிக்கு இது கம்மியாத் தெரியுதேம்மா. ஒரு நூறு சேத்துக்கிடட்டுமா?"

இசக்கி திரும்பிக் கத்துனா. "டிரைவரண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க! சார் எறங்கி இன்னும் நூறு பறவை பாத்துட்டு வரணுமாம்!"