பெட்டி எங்கே இருந்தது?

“நானூற்றுப் பன்னிரண்டும் மனப்பாடம் டீச்சர். ஒண்ணும் வேலைக்கு ஆகல.”

இன்னாசி நோட்டை மேசைமேல் வைத்தார். வைத்த விதத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது.

சந்தனமாரி டீச்சர் நோட்டைத் தொடவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி.”

இன்னாசிக்கு வயது ஐம்பத்தொன்று. டீச்சருக்கு இருபத்தொன்பது. தூத்துக்குடிக்காரரான இன்னாசி இருபத்தாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். டீச்சர் ஆறு வருடம் ஒரு கப்பல் ஏஜென்சியில் உட்கார்ந்து, வயர்லெஸ்ஸில் பல நாட்டு மாலுமிகளோடு பேசிக்கொண்டிருந்தவர். இப்போது கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடையின் மாடியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார்.

போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

“எதுக்கு மனப்பாடம் பண்ணினீங்க?”

“கூண்டை விட்டு இறங்கக் கூடாதுன்னுதான்.”

கூண்டு என்றால் கிரேனின் கண்ணாடிக் கூண்டு. நாற்பது மீட்டர் உயரத்தில் தொங்குவது. காலின் கீழே கப்பல், கண்ணுக்கு நேரே கடல். இன்னாசிக்கு அந்த இருக்கையில்தான் முதுகு வலிக்காது.

புதிதாக வந்த கம்பெனி ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. இனி கப்பல் தளத்திலிருந்து வரும் உத்தரவு எல்லாம் வாக்கி டாக்கியில், இங்கிலீஷில். இருபத்தொரு நாள் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் கூண்டு. தேறாவிட்டால் கேட்டில் நின்று கண்டெய்னருக்குச் சீல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் வேலை.

“ஒத்திகை பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“என்ன ஆச்சு?”

இன்னாசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கிரெய்க்னு ஒரு சூப்பர்வைசர், நியூசிலாந்துக்காரர். ‘பிக் இட் அப்’னார். கண்டெய்னர் பெட்டியை மேல தூக்கினேன்.”

“அப்புறம்?”

“சீக்கிரம் ஆகட்டும்னு சொல்லியிருக்காரு. கீழ லாரிக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கான். இறங்க வேண்டிய பெட்டி ஏறிப் போகுது.”

‘பிக் அப்’ போன்ற இந்த வினைச்சொற்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ்காரர் சாதுவான ஒரு வினைச்சொல்லை எடுப்பார். அதன் வாலில் ஒரு குட்டிச் சொல்லைக் கட்டுவார். அதன் பிறகு அது எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று கட்டியவருக்கே தெரியாது.

இன்னாசி ஒரு தெருவையும் விடவில்லை. அன்றே இந்தச் சொற்களுக்கான புத்தகம் வாங்கினார். அதிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டையும் சிவப்பு மையில் எழுதினார், அர்த்தங்களை நீலத்தில்.

“பிக் அப்புக்கு மட்டும் பதினேழு அர்த்தம் டீச்சர். இப்ப அவர் சொன்ன உடனே பதினேழும் கூட்டமா வந்து வாசல்ல நிக்குது. எதை உள்ள விடன்னு தெரியல.”

டீச்சர் நோட்டை அவர் பக்கமே நகர்த்தினார்.

“அப்ப பெட்டி எங்க இருந்துச்சு?”

“எந்தப் பெட்டி?”

“நாளைக்கு வாங்க அண்ணாச்சி.”

*

மறுநாள் வந்தார்.

“லாரிக்கு மேல இருந்துச்சு டீச்சர். ஒரு ஆள் உயரத்துல.”

“சரி.”

“அவ்வளவுதானா?”

“‘போட்டுக் கொடுத்தான்’னா என்ன அண்ணாச்சி?”

“மாட்டி விட்டான்னு அர்த்தம்.”

“எதைப் போட்டான்? யாருக்குக் கொடுத்தான்?”

“ஒண்ணும் போடல. ஒண்ணும் கொடுக்கவும் இல்ல.”

“மாட்டி விட்டான்னீங்க. எங்க மாட்டினான்? எதை விட்டான்?”

இன்னாசி கையால் மாட்டுவதுபோலக் காட்டினார். எதுவும் மாட்டவில்லை. ஐம்பத்தொரு வருடமாகப் பேசிய மொழி திடீரென்று அந்நியரைப் போல எதிரே உட்கார்ந்திருந்தது.

“இதை எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?”

“இதை யார் டீச்சர் படிப்பா? நான் கடலுக்குக் குளிக்கப் போனதை எங்க அண்ணன் அப்பாகிட்டப் போட்டுக் கொடுத்தான். முதுகுல வாங்கினேன். தெரிஞ்சுது.”

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். பென்சிலால் எதையோ குறித்தார். உள்ளே வைத்துப் பூட்டினார்.

இன்னாசியின் கண் அந்த இழுப்பறையிலேயே நின்றது. சரியான அர்த்தமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஆறு வருடம் கப்பல்காரர்களோடு பேசிச் சேர்த்தது.

“அந்த நோட்டை ஒரு ஜெராக்ஸ்...”

“பாஸ் பண்ணுங்க. நோட்டையே தர்றேன்.”

*

மாடி ஜன்னலில் ஒரு கப்பி உண்டு. கப்பியில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கீழே டீக்கடை நடத்தும் தவசிமுத்து அந்த வாளியில் கிளாஸை வைப்பார், மேலிருந்து இழுத்துக்கொள்ளலாம். படியேறும் வேலை மிச்சம்.

மூன்றாம் நாள் டீச்சர் கயிற்றை இன்னாசி கையில் கொடுத்தார். தான் கீழே இறங்கிப் போனார்.

கடை வாசலில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்து, இங்கிலீஷில் உத்தரவு போட்டார்.

அன்று மூன்று கிளாஸ் போயிற்று.

மறுநாள் வாளி கடையின் தகரக் கூரையில் இறங்கியது.

ஆறாம் நாள் டீச்சர் “ஹோல்ட் ஆன்” என்றார். இன்னாசிக்குப் பிடித்துக்கொள், காத்திரு, தாக்குப்பிடி, லைனில் இரு என்ற நாலும் தெரியும். நாலையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது கயிறு தன்பாட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தது.

தவசிமுத்து தலையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, சீனி போதுமா?”

கடை பெஞ்சுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு அமைந்ததில்லை. துறைமுகத்து ஆட்கள் நேரத்தோடு வந்து இடம் பிடித்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, எந்த நாட்டுக் கப்பல்?”

“சரக்கு ஆறிப் போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம்.”

“இருபத்தாறு வருசம் கிரேன் ஓட்டின கை அது, வே. ஒரு டீயை இறக்க மாட்டேங்குது.”

கடைசியாகச் சொன்னது மட்டும் உள்ளே போய்த் தைத்தது. மறுநாளிலிருந்து இன்னாசி ஷிப்டுக்குப் போகும் முன் காலை ஆறு மணிக்கு வந்தார். ஷிப்டு முடிந்து சாயங்காலமும் வந்தார். கையில் கயிறு உரசிய இடம் சிவந்து, பிறகு காய்த்தது. இரவில் நோட்டையும் விடவில்லை. அதை டீச்சரிடம் சொல்லவில்லை.

“நோட்டு படிக்கீங்களா?”

“இல்ல டீச்சர்.”

“உதடு அசையுது அண்ணாச்சி.”

*

ஒன்பதாம் நாள்.

வாளி பாதி வழியில் நின்றது. டீச்சர் சொன்னது நோட்டில் எழுபதாம் பக்கத்தில் இருந்தது. இன்னாசி மனதுக்குள் அறுபத்தெட்டில் இருந்தார்.

பெஞ்சிலிருந்து ஒருவர் பொறுக்க முடியாமல் கத்தினார்.

“ஆரியா!”

வாளி சட்டென்று இறங்கியது.

“ஆவிஸ்!”

ஏறியது.

“ஆரியா... ஆரியா... போதும்!”

வாளி தவசிமுத்துவின் மேசைமேல் போய் உட்கார்ந்தது. பெஞ்சு கைதட்டியது.

கப்பலில் மூட்டை ஏற்றிய காலத்துச் சொற்கள் அவை. கீழே நிற்கிறவன் கத்துவான், மேலே இருக்கிறவன் தூக்குவான், இறக்குவான். எந்த மொழி என்று கத்துகிறவனுக்கும் தெரியாது, தூக்குகிறவனுக்கும் தெரியாது.

டீச்சர் மாடிக்கு வந்தார்.

“ஆரியான்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி?”

இன்னாசி தன் கையைப் பார்த்தார். அது ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி சும்மா இருந்தது.

“எந்த மையில எழுதி வச்சிருந்தீங்க?”

அன்று இரவு அவர் நோட்டைத் திறக்கவில்லை. தூக்கமும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

*

பதினைந்தாம் நாள் வாளி தகரக் கூரையின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. இன்னாசி இழுத்தார். கயிறு விறைத்தது. இன்னும் இழுத்தார். தகரம் முனகியது.

கீழிருந்து டீச்சர் சொன்னார்.

“ஈஸ் ஆஃப்.”

இன்னாசி நின்றார். நானூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை.

“அது என் நோட்டுல இல்ல டீச்சர்.”

“வாளியில இருக்கு. பாருங்க.”

பார்த்தார்.

விறைத்த கயிறு. மடங்கிய தகரம். சாய்ந்த வாளி. விளிம்புவரை வந்து நிற்கும் டீ.

அவர் பிடியை இளக்கினார். வாளி ஒரு விரற்கடை இறங்கி, தகரத்திலிருந்து விலகி, தானாக நேரானது.

டீ சிந்தவில்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தவசிமுத்து மட்டும் வாளியின் கீழிருந்து மெதுவாக விலகி நின்றார். பழக்கம்.

*

ஓட்டிக் காட்டும் நாளில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பியிருந்தது.

எட்டுப் பெட்டி கப்பலில் ஏற்ற வேண்டும். தளத்தில் கிரெய்க் நின்றார். மேலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் தொப்பி, அவ்வளவுதான். குரல் மட்டும் காதுக்குள் பெரிதாக வந்தது.

ஏழு பெட்டி போயிற்று. ஆறாவதில் கொஞ்சம் தடுமாற்றம். மஞ்சள் தொப்பி குனிந்து எதையோ எழுதியது போலிருந்தது. இன்னாசிக்கு கேட் வாசலும், சீலும், குனியும் முதுகும் ஒரு கணம் கண்ணாடியில் தெரிந்தன.

எட்டாவது பெட்டி காற்றில் லேசாகத் திரும்பியது. கப்பல் மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நான்கு இரும்பு முளைகள். பெட்டியின் நான்கு மூலைக் குழிகளும் அவற்றில் சரியாக உட்கார வேண்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தது.

காதில் கிரெய்க் சொன்னார்.

“ஃபெதர் இட் இன்.”

இன்னாசி கேள்விப்படாதது. சிவப்பிலும் இல்லை, நீலத்திலும் இல்லை. வாசலில் கூட்டம் எதுவும் வரவில்லை. அந்தச் சொல் தனியாக வந்து நின்றது.

அவர் பெட்டியைப் பார்த்தார்.

காற்று வீசியது, வீசிப் போக விட்டார். கப்பல் இறங்கியது, இறங்க விட்டார். கப்பல் மேலேறி வந்து, ஏறியது போதும் என்று நின்ற இடத்தில், கை அசைந்தது. அசைந்ததா என்று கைக்கே தெரியாத அளவு.

இறங்கும்போது எந்தப் பெட்டியும் ஒரு சத்தம் போடும். இன்னாசி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

மஞ்சள் தொப்பி நிமிர்ந்து கூண்டைப் பார்த்தது. கட்டைவிரல் ஒன்று உயர்ந்தது.

அப்போதுதான் பெட்டி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

*

“கூண்டு எனக்குத்தான் டீச்சர்.”

“சரி.”

“நோட்டு தர்றேன்னீங்க.”

டீச்சர் இழுப்பறையைத் திறந்து பச்சை நோட்டை மேசையில் வைத்தார். தவசிமுத்து அனுப்பிய டீ பக்கத்தில் இருந்தது, விளிம்புவரை.

இன்னாசி நோட்டைப் பிரித்தார். இடது பக்கம் இங்கிலீஷ். வலது பக்கம் தமிழ்.

லெட் டவுன்: இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போகிறேன் என்ற மாமா வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம்.

லுக் இன்டு: லீவு விஷயமாக மேனேஜர் இப்படிச் சொன்னார். பதினோரு மாதம் ஆகிறது.

பக்கங்களைத் தள்ளினார்.

ஹோல்ட் ஆன்: தவசிமுத்து தலை.

ஈஸ் ஆஃப்: வாளி தகரத்தில் மாட்டியது. அண்ணாச்சி இளக்கினார். வந்தது.

முதல் பக்கத்துக்குப் போனார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மறுபடி நடுவில் தேடினார்.

“அர்த்தம் எங்க டீச்சர்?”

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

“கடைசிப் பெட்டிக்கு அவர் என்ன சொன்னார்?”

“ஃபெதர் இட் இன்.”

இடது பக்கம் எழுதினார். வலது பக்கம் வந்ததும் பென்சில் நின்றது.

“இதை நான் கேட்டதே இல்ல அண்ணாச்சி.”

இன்னாசி அவரை நம்பாமல் பார்த்தார். டீச்சர் பென்சிலோடு காத்திருந்தார், மாணவியைப் போல.

“பெட்டி என்ன செஞ்சுது?”

இன்னாசி உள்ளங்கையை விரித்தார். மேசைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினார். பிறகு இறக்கினார்.

கிளாஸில் இருந்த டீ அசையவில்லை.