மாசிலாமணியின் விரதம்

மலையடிவார மடத்தில் அம்பலவாணர் குருவாக இருந்தார். மாசிலாமணி அங்கே தேவாரம் படிக்க வந்தவன். பதினேழு வயது. தாய் தகப்பன் இல்லை.

வந்த புதிதில் பிரதோஷத்துக்கு மட்டும் விரதம் இருந்தான். பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். பிறகு சோற்றையே விட்டான். பந்தியில் இலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

"இந்த வயசில் இப்படி ஒரு வைராக்கியமா!" என்று வந்தவர்கள் வியந்தார்கள். சிலர் அவன் காலில் விழுந்தார்கள்.

ஒரு காலை, பதிகம் பாடிக்கொண்டிருந்தவன் பாதியில் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் ஜெயக்கொடி குருவிடம் சொன்னார்:

"இது விரதம் இல்லை, சாமி. நோய். வாராவாரம் என்னிடம் கூட்டி வாருங்கள். மற்றபடி சாப்பாடுதான் மருந்து. ஒவ்வொரு வேளையும் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். திட்டக் கூடாது. விட்டுக்கொடுக்கவும் கூடாது."

"நானே உட்காருகிறேன்" என்றார் அம்பலவாணர்.

முதல் நாள் இலையில் குழைந்த சோறு, பருப்பு, கொஞ்சம் நெய். மாசிலாமணி தொடவில்லை.

"பசியை வெல்லச் சொன்னது நீங்கள்தானே, சாமி?"

"நான்தான்."

"வென்றேன். அதைப் போய் நோய் என்கிறார்கள்."

"வென்றவன் சண்டையை நிறுத்தலாமே. ஒரே ஒரு கவளம். நிறுத்திக் காட்டு."

அவன் கையை நீட்டினான். விரல்கள் சோற்றுக்கு மேலேயே நின்றன. இறங்கவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"முடியவில்லை, சாமி. அப்படியானால் ஜெயித்தது யார்?"

குரு சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தார். அது ஆறிக் காய்ந்தது. குரு எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் விழுங்கினான்.

சில நாள் சாப்பிட்டான். சில நாள் கவளத்தை வேட்டி மடிப்பில் ஒளித்தான். குரு பார்த்துவிட்டு, பேசாமல் இன்னொன்று உருட்டினார்.

"நல்ல தவசியை இப்படிக் கெடுக்கிறீர்களே!" என்றார் அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர்.

"ஆமாம், கெடுக்கிறேன்" என்று குரு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார்.

மழைக்காலம் வந்து போனது. மாசிலாமணியின் கன்னத்தில் சதை பிடித்தது. பாடும்போது மேல்ஸ்தாயி எட்டியது. ஆனால் முகம் தெளியவில்லை.

ஒரு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினான்.

"சாப்பிட்டால் பாவம் செய்த மாதிரி இருக்கிறது, சாமி. சாப்பிடாவிட்டால் உங்களை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே ஒருவன் வேண்டாம், வேண்டாம் என்கிறான். கை மட்டும் வாய்க்குப் போகிறது. அவன் நானா, இந்தக் கை நானா?"

"தெரியவில்லை."

மாசிலாமணி திகைத்துப் பார்த்தான்.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"அப்படியானால் இப்போது சாப்பிடுவது யார்?"

"இப்போதைக்கு நான் என்று வைத்துக்கொள். நீதான் என்று தெரிகிற அன்றைக்குச் சொல்லு, எழுந்து போகிறேன்."