எஸ்தரின் இடியாப்ப உரல்

பேராசிரியர் தணிகாசலத்தின் வடிவமைப்புக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாணவர் செய்த பொருளை இன்னொருவர் தன் கையால் பயன்படுத்திப் பார்த்துத்தான் குறை சொல்ல வேண்டும். செய்தவர் பக்கத்திலேயே நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. 'அப்படி இல்லடா, இப்படிப் பிடி' என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு.

"வாங்குற வீட்டுக்கெல்லாம் நீயும் கூடவே போய் நிப்பியா?" என்பார்.

அந்தப் பருவத்தில் எல்லாரும் இடியாப்ப உரல் வடிவமைத்தார்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் வெள்ளிக்கிழமை பணிமனையில் அச்சு வெட்டுவார்கள். அது நிஜப் பொருளாக வெளியே போகும். மற்றவை அலமாரியில் தூசி தின்னும்.

அந்த ஒன்று தன்னுடையதுதான் என்று மதியழகன் நினைத்திருந்தான், எஸ்தர் தன் உரலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் வரை.

கைப்பிடியை ஒரு திருகு திருகினாள். மாவு மழைச்சரம் போல இறங்கியது. கூடமே வாயைப் பிளந்தது.

"சும்மா ட்ரை பண்ணேன் சார்" என்றாள்.

சாயங்காலம் கேன்டீனில் மதியழகன் அதே குரலில், அதே கழுத்துச் சாய்ப்போடு, "சும்மா ட்ரை பண்ணேன் சா...ர்" என்று செய்து காட்டினான். மேசையே குலுங்கிச் சிரித்தது. அவன் வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பேராசிரியர் முன்னால் போய் நின்றான்.

"அவளோடதுல அப்படி என்ன சார் இருக்கு?"

"உனக்கு என்ன தோணுது?"

"ஒரு மண்ணும் இல்ல... மன்னிச்சிருங்க சார். குறைதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. மாவு பிசைஞ்சு கொண்டா. அவளையும் கூப்பிடு."

பெண் பார்க்க வந்த வீட்டில் டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கும் அத்தை மாதிரி, மதியழகன் அந்த உரலை உருட்டிப் பார்த்தான். இடது கையால் திருகினான், விரல் நசுங்கியது. அடித்தட்டைத் தலைகீழாகப் போட்டான். அதுவும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. பிழிந்தால் மாவு மேல்பக்கமாகப் பிதுங்கியது. கழுவிவிட்டு, மரை இடுக்கில் ஒட்டியிருந்த மாவை ஊக்கால் நோண்டி எடுத்துக் காட்டினான்.

"காலையில அவசரத்துல இருக்கிறவங்களுக்கு எது மேல்பக்கம்னு எப்படி சார் தெரியும்? ஒரு பக்கமா மட்டும்தான் உள்ள போகணும்."

எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. மதியழகனுக்குள் சரவெடி வெடித்தது.

வியாழக்கிழமை காலை எஸ்தர் திரும்பி வந்தாள். அடித்தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு; இனி அது ஒரு பக்கமாகத்தான் போகும். கைப்பிடி எந்தக் கைக்கும் பொருந்தியது. மாவு பிதுங்கவில்லை, இடுக்கில் தங்கவில்லை.

"தேங்க்ஸ்டா மதி. நீ சொல்லலைன்னா அப்படியே கொடுத்திருப்பேன்."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டினான். இல்லை. செய்து காட்டிச் சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

பேராசிரியரிடம் ஓடினான்.

"இது நியாயமா சார்? குறை கண்டுபிடிச்சது நான். பேர் அவளுக்கு."

"ஆமா."

"அவ உரல் தேறிடுச்சு. என்னோடதை ஒருத்தன்கூடக் கையால தொடல."

"ஏன்?"

"பார்த்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க சார்."

"நீ பிழிஞ்சு பார்த்தியா?"

"செஞ்சதே நான்தானே சார். நான் என்னத்தைப் பார்க்கிறது?"

தணிகாசலம் எழுந்தார். அலமாரியிலிருந்து மதியழகனின் உரலை எடுத்து மேசையில் வைத்தார். எஸ்தர் விட்டுப்போன மாவுப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் நகர்த்தினார்.

"நாளைக்கு மத்தியானம்தான் அச்சு வெட்டுறாங்க. அதுக்குள்ள, இதை எஸ்தர் செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டுப் பிழி."