ஐந்தாவது ஆள் யார்?

சித்திரை பதினோராம் நாள், காலை பத்து நாழிகை. ஆலங்காட்டு அரண்மனை முற்றத்தில் அறுபத்து மூன்று பேர் நின்றார்கள். கடைசியில் நின்றவள் பேச்சியம்மா.

அவள் கணவன் இசக்கி பனையிலிருந்து விழுந்து கால் முறிந்து நான்கு நாளாகிவிட்டது. எலும்பு வைத்தியர் வீட்டில் கிடக்கிறான். அரண்மனை முத்திரை வராமல் வைத்தியர் காலைத் தொடமாட்டார். இன்றும் கட்டுப் போடாவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். அப்புறம் இசக்கி பனை ஏற முடியாது.

முத்திரை வைப்பவர் நலக்காப்பு அதிகாரி ஏகாம்பரநாதர். திட்டமும் அவருடையதுதான். அறுவடைதோறும் நெல் அளந்தால் ஓர் ஓலை கிடைக்கும். குடும்பத்தில் யார் படுத்தாலும் வைத்தியம் அரண்மனைப் பொறுப்பு. சின்ன ஓலை நான்கு பேருக்கு. பெரிய ஓலை எட்டுப் பேருக்கு, நெல் மூன்று மடங்கு. திட்டம் தொடங்கிய அன்று மன்னர் மங்கைபாகராயர், "எனக்கும் ஊராருக்கும் ஒரே சட்டம்" என்று தமுக்கு அடிக்கச் சொல்லி, முதல் சின்ன ஓலையைத் தாமே வாங்கிக்கொண்டார். சனங்கள் கைதட்டினார்கள். ஓலையை யாரும் படிக்கவில்லை. மன்னரும் படிக்கவில்லை.

முன்னால் நின்ற அறுபத்திரண்டு பேருக்கும் "பார்க்கலாம்" என்று பதில் கிடைத்திருந்தது. ஒருவரும் கலையவில்லை.

"உன் வீட்டில் எத்தனை பேர்?" என்றார் ஏகாம்பரநாதர்.

"நானு, அவுக, ரெண்டு புள்ளைக, மாமியா. அஞ்சு பேரு சாமி."

"ஓலை நான்கு பேருக்கு."

"அப்ப மாமியாள விட்டுருங்க. அவ கல்லு மாதிரி இருக்கா."

"ஓலையில் பெயர் எழுதவில்லையே. ஐந்தாவது ஆள் யார் என்று நீ எப்படிச் சொல்லலாம்?"

"நீங்களே சொல்லுங்க சாமி."

"யாருக்கு நோய் வருகிறதோ அவர்தான் ஐந்தாவது ஆள்."

"மாமியா விழுந்திருந்தா?"

"மாமியார்."

"நான் விழுந்திருந்தா?"

"நீ."

"அப்ப அந்த நாலு பேரு யாரு?"

"நோய் வராதவர்கள். அவர்களுக்கு முழுக் காப்பு உண்டு."

மன்னர் கன்னத்தில் துணியை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல் மூன்று நாளாகக் கொல்கிறது. பக்கத்தில் அரண்மனை வைத்தியர் குறடோடு நின்றார்.

"விதி விதிதான். அவளை அனுப்புங்கள்," என்றார் மன்னர். "வைத்தியரே, வாரும்."

வாய்த்துடுக்குக்குப் பேர்போன அமைச்சர் கொற்றப்பன் எழுந்தார்.

"வைத்தியரே, கையை எடும். முத்திரை எங்கே?"

"எனக்கு எதற்கய்யா முத்திரை?" என்று மன்னர் முனகினார்.

"மகாராசா சின்ன ஓலைக்காரர். நீங்கள், ராணியார், இரண்டு இளவரசர்கள், ராணியாரின் தம்பி. அரண்மனைக் குடும்பம் ஐந்து பேர். ஏகாம்பரநாதரே, ஐந்தாவது ஆள் யார்?"

ஏகாம்பரநாதர் மன்னரைப் பார்த்தார்.

"ராணியாரின் தம்பி..." என்று இழுத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் வந்தது. "யார் அது, என் தம்பியைக் கழிக்கிறது?"

"இல்லை தாயே! வந்து... இளையவர்..."

"என் மகனையா?"

"அவருக்கு நோய் இல்லையே," என்றார் கொற்றப்பன். "உங்கள் விதிப்படி வலிக்கிறவர்தானே ஐந்தாவது ஆள்? மகாராசா ஐந்தாவது ஆள் என்று சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்."

ஏகாம்பரநாதர் ஓலைக்கட்டைப் புரட்டத் தொடங்கினார்.

"எவனாவது இருந்து தொலையட்டும்! பல்லைப் பிடுங்குங்கள்!" என்று மன்னர் அலறினார்.

"தமுக்கு அடித்தது நீங்கள் மகாராசா. அறுபத்து மூன்று பேர் பார்க்கிறார்கள்."

மன்னர் முற்றத்தைப் பார்த்தார். பேச்சியம்மா அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அதுதான் மன்னருக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டில் உள்ள எல்லாரும் குடும்பம்தான். ஓலையில் பெயர் எழுதுங்கள். முத்திரை வையுங்கள்!"

"அந்த நெல்லுக்குக் கட்டுப்படியாகாதே மகாராசா," என்றார் ஏகாம்பரநாதர்.

"அதை விற்கிற அன்றே சொல்லியிருக்க வேண்டும்," என்றார் கொற்றப்பன். "முதல் முத்திரை இசக்கிக்கு. அவன் நான்கு நாளாகக் காத்திருக்கிறான். மகாராசா மூன்று நாள்தான்."

பேச்சியம்மா முத்திரை ஓலையை வாங்கிக்கொண்டு ஓடினாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான் மன்னரின் பல் குறடோடு வந்தது.

வலி அடங்கியதும் மன்னர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். "கொற்றப்பா, பிடி."

"மோதிரம் வேண்டாம் மகாராசா. ஏகாம்பரநாதருக்கு ஒரு சின்ன ஓலை கொடுங்கள். பழைய விதிப்படி. அவர் வீட்டில் பதினோரு பேர்."

பல் போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மன்னர் சிரித்தார்.

ஆவணி மூன்றாம் நாள் இசக்கி பனை ஏறினான்.