பாவாயி தேய்த்த காசுகள்

“பழங்காசா, கட்டி வெள்ளியா? எதை விட்டுட்டுப் போனா அவ பொழச்சுக்குவா, அம்மா?”

வடமலை கேட்டபோதும் அஞ்சுகம் உலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சேலத்தில் வெள்ளி உருக்கும் தெருவில் கடைசி உலை அவளுடையது. புருஷன் செத்த மறுமாதமே இடுக்கியைக் கையில் எடுத்தவள். வயது நாற்பத்தைந்துதான். ஜனங்கள் அறுந்த கொலுசோடு மனசில் கிடப்பதையும் கொண்டுவந்து அங்கே கொட்டுவார்கள். கொலுசை உருக்கிக் கொடுப்பாள். மற்றதற்குப் பாதி நாள் பதிலே வராது. அப்படியும் வருவார்கள்.

வடமலைக்கு அறுபது. அவளைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். இருந்தாலும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். பஞ்சாலையில் முப்பத்து நாலு வருஷம் மேஸ்திரி. பென்ஷன் கிடையாது. பிள்ளையும் கிடையாது. வீட்டில் அவரும் பெண்டாட்டி பாவாயியும்தான். நெஞ்சில் பஞ்சுத் தூசி மட்டும் நிறையச் சேர்ந்திருந்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள் அஞ்சுகம்.

“ஆறு மாசம். நல்லாப் பாத்துக்கிட்டா எட்டு.”

“பாவாயியக்கா கிட்ட சொல்லியாச்சா?”

“நேரம் பாத்துச் சொல்லணும்.”

அஞ்சுகம் கையை நீட்டினாள். வடமலை மடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தார். அட்டைக்கு நடுவில் வட்டமாகக் கண்ணாடித்தாள். அதற்குள் கறுத்துப்போன ஒரு வெள்ளி ரூபாய். ராஜா தலை.

அவள் அதை அட்டையோடு தராசில் வைத்தாள்.

“அம்மா, அம்மா! அதுக்கு எடை பாக்கக் கூடாதுங்க.”

“பின்ன?”

“வருசம் பாக்கணும். அந்த வருசத்துல அடிச்சதே கொஞ்சம். பாதிய உருக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறதுல இப்படிக் கை படாம இருக்கறது அபூர்வம். இருபத்திரண்டாயிரம் குடுத்து வாங்கினேன். இன்னிக்கு ஈரோட்டுப் பழங்காசுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனா நாப்பதாயிரத்துக்கு வாங்க ஆள் இருக்கு.”

“கட்டி?”

“கட்டிக்கு என்னங்க, அன்னன்னிக்கு மார்க்கெட்டு என்னவோ அதுதான். ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும். அதுக்கு மூஞ்சியா முகரையா?”

“காசு எத்தனை இருக்கு?”

“நாப்பத்தி மூணு. எட்டு லட்சம் போகும். பி.எஃப். பணத்துல வாங்கின கட்டி ஒரு நாலு கெடக்குது. காசையெல்லாம் வித்துக் கட்டியாக்கிடவா, இல்ல இப்படியே விட்டுட்டுப் போனா அவளுக்கு ரெண்டு பங்கா வளருமா? அதான் தெரியல.”

அஞ்சுகம் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாப்பதாயிரம்னு இதுல எங்க இருக்கு?”

“தெரிஞ்சவங்க கண்ணுக்குத் தெரியும்.”

“உங்க வீட்டுல தெரிஞ்சவங்க யாரு?”

“நான்தான்.”

அவள் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இடுக்கியால் மூசையை நகர்த்தினாள். வெள்ளி உள்ளே தண்ணீராய்க் கிடந்து மினுங்கிற்று. வடமலை விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

“ஒரு காசு, ஒரு கட்டி,” என்றாள் கடைசியில். “அக்காவைத் தனியா பஜாருக்கு அனுப்பி வித்துட்டு வரச் சொல்லுங்க. நீங்க கூடப் போகக் கூடாது. ஒரு வார்த்தையும் சொல்லித் தரக் கூடாது.”

“சரி, தேஞ்ச காசா ஒண்ணு பாத்துக் குடுத்து அனுப்பறேன்.”

“எது போனா உங்களுக்குத் தூக்கம் வராதோ, அதை.”

அட்டையை மடியில் செருகிக்கொண்டும் அவர் கிளம்பவில்லை.

“இன்னும் ஏன் நிக்கறீங்கண்ணா? உங்களுக்கு அப்புறம் அக்கா அப்படித்தானே கடையேறணும்?”

*

“நானா? பஜாருக்கா? ஏன், உங்க காலு என்னாச்சு?”

“வலிக்குது.”

“நேத்து உலைக்கடைக்குப் போறப்ப வலிக்கலியாக்கும். அந்தம்மா கிட்டப் போறதுன்னா மட்டும் காலு நல்லா வருது.”

பாவாயிக்கு ஐம்பத்தாறு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் ஒரு நகைக்கடைப் படி மிதித்ததில்லை. எல்லாம் அவர் வாங்குவார், அவர் வைப்பார், அவர் பூட்டுவார். பீரோவுக்கு மேலே இருந்த தகரப்பெட்டியை அவள் தூசி தட்டியதோடு சரி.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அதன் சாவி அவள் கைக்கு வந்தது. நாற்பதாயிரத்துக் காசை அவர் ராத்திரியே எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார்.

“மேலே இருக்கற காசு ஒண்ணு. ஒரு கட்டி. ரெண்டையும் வித்துட்டு வா.”

“எவ்வளவுக்கு?”

சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

“குடுக்கறதை வாங்கிட்டு வா.”

“என்ன மனுசனோ! தக்காளி வாங்க அனுப்பினாலே கிலோ என்ன வெலைன்னு நூறு தரம் சொல்லி அனுப்புவீங்க.”

“தெருமுனை ரேஷன் கடை வரைக்கும் போறேன்” என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நோய் இடதுபக்கமும் பரவியிருக்கிறது என்றார்கள். பையில் படத்தை மடித்து வைத்துக்கொண்டு திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. மாற்றுச்சாவியால் திறந்து, படத்தைப் பாயின் அடியில் செருகிவிட்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணி ஆயிற்று. ஒன்று ஆயிற்று. கடைக்காரன் காசைப் பார்த்ததும் கண்ணை விரித்திருப்பான், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான், அதுதான் தாமதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒருவேளை அவனுக்கே தெரியாமல் போயிருந்தால்? எடைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பான். போகட்டும், ஒன்றுதானே. மிச்சம் நாற்பத்திரண்டு இருக்கிறதே.

மூன்று மணிக்குப் பாவாயி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நான் ஒண்ணும் லேசுப்பட்டவ இல்லீங்க. கட்டிக்கு இன்னிக்கு வெலையை போர்டுல எழுதிப் போட்டிருந்தான், அப்படியே வாங்கியாச்சு. அம்பது ரூவா கொறச்சான், சண்டை போட்டு அதையும் வாங்கிட்டேன். மறு பேச்சு இல்ல.”

“காசு?”

“தொள்ளாயிரத்தி நாப்பது.”

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான்.

“அதுக்கே நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? அது கறுத்துப்போயில்ல கெடந்துச்சு! கடையில நீட்டறதுக்கே கூச்சமாயிருக்கும்னு விபூதியை எடுத்து நல்லா அழுத்தித் தேச்சேன். ராசா மூஞ்சி கண்ணாலத்து மாப்பிள்ளையாட்டம் ஆயிப்போச்சு. கடைக்காரரே சொன்னாரு, ‘சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா’ன்னு.”

வடமலை பீரோவுக்கு மேலே பார்த்தார்.

“தேச்சியா?”

“ஒண்ணை மட்டும் தேச்சா மத்ததுக பாவமில்லையா? எல்லாத்தையும் தேச்சுட்டுத்தான் கெளம்பினேன். நாப்பத்தி மூணு! அந்த அட்டைக் குப்பையையெல்லாம் பிச்சு அடுப்புல போட்டேன். கை இன்னும் வலிக்குது, பாருங்க.”

அவர் எழுந்து பெட்டியைத் திறந்தார்.

நாற்பத்திரண்டு காசுகளும் பழைய வேட்டித் துண்டின்மேல் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே வெளுப்பு. ஒன்றை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். ராஜாவின் கன்னத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல். நூறு வருஷம் ஏறின கறுப்பு அது. அந்தக் கறுப்புக்குத்தான் விலை. இனி ஈரோட்டில் ஒருத்தனும் இதைக் கையில் வாங்க மாட்டான்.

“அழுக்கைத் தேச்சது ஒரு தப்பா?” என்றாள் பாவாயி. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கை ஓங்கிவிட்டது. எப்படி ஓங்கியது என்று அவருக்கே தெரியாது. முப்பத்தைந்து வருஷத்தில் ஓங்காத கை. அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு இருமல் வந்து அவரைக் கீழே உட்காரவைத்தது.

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அடிக்க வந்தவருக்கு முதுகு தடவிவிட்டாள்.

“எனக்கென்னங்க தெரியும்? அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?”

அவர் தண்ணீரைக் குடித்தார்.

செம்பை வாங்கி வைத்துவிட்டு அவளே மெதுவாக ஆரம்பித்தாள். கோபத்தை ஆற்ற வேண்டுமல்லவா.

“கடைக்காரரு கேட்டாரு, ‘ஏம்மா விக்கறீங்க, வீட்டுல ஏதாச்சும் சங்கடமா’ன்னு. நல்ல வாயாப் பேசுங்கன்னேன். எங்க வீட்டுக்காரரு ரிட்டயர் ஆயாச்சு, குண்டுக்கல்லாட்டம் இருக்கறாருன்னேன்.”

அவர் வேட்டி நுனியால் வாயைத் துடைத்தார்.

“அந்தக் கடைக்குப் பக்கத்துலயே காசி போற டூர் ஆபீசுங்க. ‘ரிட்டயர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்’னு எத்தனை வருசமாச் சொல்றீங்க! கட்டி வித்ததுல ரெண்டு பேருக்கும் அட்வான்ஸ் கட்டிட்டேன். இப்பக் குளிராம். அடுத்த ஆவணியில கெளம்பறாங்களாம். ஜன்னலோர சீட்டு கேட்டிருக்கறேன், உங்களுக்கு.”

கார்த்திகை மாதம் அது. வடமலை விரலை மடக்கினார். மார்கழி, தை, மாசி. எட்டாவது விரல் ஆடியில் நின்றது.

*

மறுநாள் காலையில் அஞ்சுகம் உலையைக்கூட மூட்டியிருக்கவில்லை. வடமலை துண்டோடு காசுகளை அவள் முன்னால் கொட்டினார்.

“எட்டு லட்சம், அம்மா. ஒரே காலையில. எங்கிட்ட இப்பப் பழங்காசே இல்ல. எல்லாம் கட்டி வெள்ளிதான். எடை போட்டுப் பாருங்க, நாப்பதாயிரம் தேறும். உங்க கிட்ட வந்ததுக்கு நல்ல பதில் குடுத்துட்டீங்க.”

அவள் ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டையும். அவசரமே படவில்லை. ஒரு காசின் இடுக்கில் இன்னும் விபூதி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை அவள் நகத்தால் சுரண்டவில்லை.

“ஒண்ணைத்தான் அனுப்பச் சொன்னேன்,” என்றாள்.

“அவ எல்லாத்தையும் தேச்சுப்புட்டா! ‘தேய்க்காதே’ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கதி வருமா? சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே வாயைக் கட்டினீங்க?”

“ஆமாங்கண்ணா. நான்தான்.”

அவள் அப்படி ஒத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. கீழே குந்தினார்.

“என் காலம் முடிஞ்சா அவ என்ன பண்ணுவா? எந்தக் கடைக்குப் போவா? ஒண்ணுமே தெரியாதவ. நேத்து என்னடான்னா காசிக்குப் பணம் கட்டிட்டு வந்து நிக்கறா. ஆவணிக்கு! ஜன்னலோர சீட்டாம்!”



அஞ்சுகம் காசுகளைத் துண்டில் வைத்து முடிச்சுப் போட்டாள். தராசில் வைக்கவில்லை. முடிச்சை அவர் மடியில் வைத்தாள்.

“தேய்க்காதேன்னு சொல்லக் கூடாதுன்னது நானு. அந்தப் பழி எனக்கு. சாகற வரைக்கும் சுமக்கறேன்.”

வடமலை முடிச்சைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணையும் அக்கா கிட்டச் சொல்லலியே. அதைச் சொல்லக் கூடாதுன்னு உங்களைக் கட்டினது யாருங்கண்ணா?”

*

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பாவாயி அடுப்படியில் இருந்தாள். பாயை உதறிப் போட்டிருக்கவில்லை. எக்ஸ்ரே படம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பாவாயி. இங்க வா.”

“சோறு கொதிக்குதுங்க.”

“அடுப்பை அணைச்சுட்டு வா.”

“அரை வேக்காடாப் போயிருமே!”

“போகட்டும்,” என்றார் வடமலை. “வந்து உக்காரு.”