பாறைமேல் வைத்த உருண்டை

சாணிவண்டு தன் உருண்டையை முன்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகிறது என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. நாகரிகமுள்ள எந்தக் காடும் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சாணிவண்டு தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருண்டையை உதைத்தபடி, பின்பக்கமாக நடக்கிறது. ஆகவே, தான் போகும் இடத்தை அது பார்ப்பதே இல்லை. இந்தக் கதையில் நேர்ந்த குழப்பம் அத்தனைக்கும் இதுவே காரணம்.

கருங்காலன் என்ற சாணிவண்டு ஒருநாள் காலை அப்படித்தான் வந்துகொண்டிருந்தான். விடியலில் யானை போட்டுவிட்டுப் போனதிலிருந்து உருட்டிய உருண்டை அது. (மாடு போட்டால் சாணி, யானை போட்டால் இலண்டம் என்பதே முறை. வண்டுகள் இந்த நுட்பத்தைப் பொருட்படுத்துவதில்லை.) உருண்டைமேல் அவன் மனைவி குண்டுமணி உட்கார்ந்திருந்தாள்.

ஏற்றம் முடிந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள்.

"நான் முன்னால் போய் வளை தோண்டுகிறேன். பொழுது சாய்வதற்குள் இதில் முட்டை வைத்தாக வேண்டும். உருண்டை காய்ந்தால் பிள்ளைக்குச் சோறில்லை. நேராக வாருங்கள்!"

"நேராகத்தானே வருகிறேன்!" என்றான் கருங்காலன், நேர் எதிர்ப்பக்கம் உதைத்தபடி.

குளக்கரையில் அன்று கலைக்காட்சி. மிருகங்கள் எல்லாம் கூடியிருந்தன. காட்சிக்கு வைக்கத்தான் ஒன்றுமில்லை. தலைவரான நாரையார் ஒற்றைக்காலில் நின்று, வெறும் பாறையை வெறித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உருண்டை வந்து முட்டியது.

"ஆகா!" என்றார் நாரையார். "எப்பேர்ப்பட்ட வட்டம்! யார் படைத்தது?"

"நான்தான் ஐயா. வழி தவறி..."

"வழி தவறாமல் கலை ஏது! குரங்கே, எடுத்துப் பாறை உச்சியில் வை. வெயில் நன்றாகப் படட்டும்!"

"ஐயோ, வெயில் வேண்டாம்! அது என் பிள்ளைக்கு..."

"பிள்ளை! எல்லாக் கலைஞர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்," என்று மான் உருகியது.

"நிஜப் பிள்ளை அம்மா! இது அதற்குச் சோறு!"

"ஆம், ஆன்மாவுக்குச் சோறு," என்றது குரங்கு, உருண்டையைப் பாறைமேல் வைத்தபடி.

நாரையார் கண்டிப்பாகச் சொன்னார். "கலைஞரே! எதற்காகச் செய்தீர் என்பது எங்களுக்கு வேண்டாம். செய்து முடித்த பிறகு படைத்தவருக்கு அங்கே வேலையில்லை. சற்றுத் தள்ளி நில்லும், நிழல் விழுகிறது."

பிறகு விளக்கவுரை தொடங்கியது. உருண்டையின் ஒரு பக்கத்தில் சிறு பள்ளம் இருந்தது. அது உலகின் நிலையாமை என்றார் நாரையார். வெயிலில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. அது காலத்தின் கைவண்ணம் என்றார். கருங்காலன் பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

கூட்டத்தின் பின்னால் நின்ற யானையார் கண்ணீர் விட்டார். "ஏனென்று தெரியவில்லை. இதைப் பார்த்தால் எனக்கு மிகவும் வேண்டிய யாரையோ பார்ப்பது போலிருக்கிறது."

வேறு உருண்டை செய்யலாம் என்றால், மற்ற யானைகள் மலை தாண்டிப் போய்விட்டன. கருங்காலன் யானையாரின் வால்பக்கம் போய் நம்பிக்கையோடு அண்ணாந்து பார்த்தான்.

"வீண்," என்றது குரங்கு. "மனம் நெகிழ்ந்தால் அவருக்கு வயிறு இளகாது."

அந்த நேரம் குண்டுமணி தலையெல்லாம் மண்ணோடு வந்து சேர்ந்தாள்.

"அங்கே வளை ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நீங்கள் இங்கே கண்காட்சி வைக்கிறீர்களா?"

"நானா வைத்தேன்? அவர்கள் வைத்தார்கள். பிள்ளைக்கு என்றேன், கேட்கவில்லை. சோறு என்றேன், அதையும் உவமை என்கிறார்கள்!"

"சாணி என்று சொன்னீர்களா?"

கருங்காலன் முன்னங்காலால் மண்ணைக் கிளறினான்.

"சொன்னீர்களா, இல்லையா?"

அவன் சொல்லவில்லை. 'கலைஞரே' என்று அவனை யாரும் அதுவரை அழைத்ததில்லை.

வெடிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது. கருங்காலன் தட்டுத்தடுமாறிப் பாறைமேல் ஏறினான்.

"கேளுங்கள்! இது சாணி! யானையார் போட்டது!"

மான் மூக்கைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கியது. குரங்கு தன் கையை முகர்ந்து பார்த்தது. நாரையார் கண்ணை மூடிக்கொண்டார். யானையாரின் காதுகள் அசைவதை நிறுத்தின.

"என்னுடையதா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு உருண்டையருகே குனிந்தார். "அப்படியானால், இந்தப் பள்ளம்?"

"குண்டுமணி உட்கார்ந்து வந்த இடம். வயிற்றில் முட்டை. ஏற்றத்தில் அவளால் நடக்க முடியவில்லை."

"ஏன் இவ்வளவு இறுக்கம்?"

"ஈரம் போகக்கூடாது. ஈ நுழையக்கூடாது."

"ஏன் இத்தனை பெரிது?"

"பிள்ளைக்குச் சிறகு முளைக்கும்வரை இதுதான் வீடு, இதுதான் சோறு. உள்ளே போட்டு மூடிவிட்டால் அப்புறம் எங்களால் ஒரு வாய் ஊட்ட முடியாது ஐயா. கொடுக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே உருட்டிவிட வேண்டும்."

பின்வாங்கிய மான் ஓரடி முன்னால் வந்தது. இதுவரை ஓர் உருண்டையைப் பார்த்தவர்கள், இப்போது ஓர் ஏற்றத்தைப் பார்த்தார்கள். தலைகீழாக நடந்த ஒருவனைப் பார்த்தார்கள். மேலே உட்கார்ந்து வந்தவளைப் பார்த்தார்கள்.

நாரையார் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றார். "நிலையாமை என்றதைத் திரும்பப் பெறுகிறேன். அது உட்கார்ந்த இடம்தான். இப்போது இன்னும் அழகாக இருக்கிறது."

யானையார் துதிக்கையால் உருண்டையை எடுத்தார். முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போய், வளையின் வாயில் வைத்தார். கருங்காலன் வெடிப்பை ஈரமண் பூசி அடைத்தான். அவனும் குண்டுமணியும் உருண்டையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மண் மூடியது.

மிருகங்கள் பொழுது சாயும்வரை அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் தெரியவில்லை. ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. தாமதமாக வந்த காடை, "கலைக்காட்சி எங்கே?" என்று கேட்டது.

"உஷ்!" என்றது மான். "இதுதான்."

ஒரு படைப்பு எதற்காகப் பிறந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கே அதன் மேடும் பள்ளமும் கண்ணில் படும்.

யானையார் அன்று முதல் நன்றாக மென்று தின்கிறார்.